சின்னசாமியை எப்படி எழுதுவது?

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 25 வந்தால் ஒரே கட்டுரை திரும்ப எழுதப்படுகிறது. எழுதுகிறவர் பெயர் மாறும், கட்சி மாறும், மேலே போடும் படத்தின் வண்ணம் மாறும். கட்டுரை மாறாது. திருச்சி ரயில் நிலையம், விடிவதற்கு முந்தைய இருட்டு, ஒரு முழக்கம், தீ. நான்காவது வரியில் ஆள் இறந்துவிடுவார். ஐந்தாவது வரியிலிருந்து கட்டுரை அவரை அங்கேயே விட்டுவிட்டு 'நாம்' என்று பேச ஆரம்பித்துவிடும்.

கீழப்பழுவூர் சின்னசாமியைப் பற்றித்தான் சொல்கிறேன். 1964 ஜனவரி 25, இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன்னை எரித்துக்கொண்டவர். அந்தப் போராட்டத்தில் அப்படி இறந்த முதல் ஆள். திருச்சியில் அவர் பெயரில் மேம்பாலம் இருக்கிறது. தென்னூரில் அவருக்கும் விராலிமலை சண்முகத்துக்கும் நினைவிடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள் எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையாக வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்கள். கல், சிமென்ட், பெயர்ப்பலகை எல்லாம் கிடைத்தாகிவிட்டது. நல்ல நாலு பக்கம் எழுத்து கிடைத்ததா என்பதுதான் என் கேள்வி.

இந்த வகை எழுத்தை 'தியாகி உரைநடை' என்று அழைக்கலாம் என்று நினைக்கிறேன். மேடையில் பிறந்தது, கட்சிகளின் சிறப்பு மலர்களில் வளர்ந்தது, இப்போது வாட்ஸப்பில் நன்றாகவே இருக்கிறது. அதற்குச் சில விதிகள் உண்டு. இறந்தவர் எதையும் யோசித்திருக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டே பிறந்தவர் மாதிரி இருக்க வேண்டும். அவருக்கு மனைவி இருக்கலாம், ஆனால் அவர் இறந்த பிறகுதான் அந்த அம்மா பத்திக்குள் வர வேண்டும், அதுவும் கைக்குழந்தையோடு. முக்கியமான விதி வினைச்சொல்லில் இருக்கிறது. யாரும் இந்த உரைநடையில் 'சாக' மாட்டார்கள். ஈவார்கள், நீப்பார்கள், ஆகுதி ஆவார்கள். உடம்பு விளக்காகிவிடும், நெய்யாகிவிடும், தீப்பந்தமாகிவிடும். விளக்குக்கு வலிக்காது இல்லையா? அதுதான் வசதி.

அதிகமாகப் புகழ்கிறார்கள் என்பது என் புகார் அல்ல. குறைவாகப் புகழ்கிறார்கள் என்பதே புகார். இருபத்தாறு வருஷம் வாழ்ந்த ஒருவரிடமிருந்து ஒரே ஒரு காலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட அந்த மிச்சத்தில்தான் துணிச்சல் இருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

*

அவரைப் பற்றிப் பொதுவில் தெரிந்தது கொஞ்சம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். தி.மு.க.காரர். மகளுக்கு வைத்த பெயரிலேயே 'திராவிட' என்ற சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த மாவட்டத்து வீடுகளில் இது ஒரு பிரகடனம், இன்று நமக்கு சாதாரணமாகத் தெரியும். அப்போது அது ஒன்றுபட்ட திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதும், அதிலிருந்து அரியலூர் பிரிந்ததும் எல்லாம் பின்னால்.

இறப்பதற்குச் சில மாதங்களுக்குள் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுவதுண்டு. அவர் சென்னைக்குப் போய், ரயில் நிலையத்தில் முதலமைச்சர் பக்தவத்சலத்தை நேருக்கு நேர் பார்த்து, இந்தி வராமல் தடுத்துத் தமிழைக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அஞ்சலிக் கட்டுரைகளில் இது ஒரு வரி, சில சமயம் அரை வரி. தீக்கு முன்னால் வரும் சின்ன முன்னுரை மாதிரி எழுதிவிட்டுத் தாண்டிப் போவார்கள்.

நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். யோசித்துப் பாருங்கள். ஐந்தாவது வரை படித்த ஒரு கிராமத்துக்காரர், பழக்கமில்லாத ஊர், சுற்றிலும் காவல், நடுவே மாநிலத்தின் முதலமைச்சர். நம்மில் எத்தனை பேர் தாசில்தார் மேசைக்கு முன்னால் குரல் உயர்த்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறோம்? அந்த மனிதர் பதிலை எதிர்பார்த்துப் போயிருக்கிறார். அதாவது அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் கடமை அதற்கு உண்டு என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையும் அதை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பியதும்தான் எனக்கு வீரமாகத் தெரிகிறது. அதற்குக் கிடைத்த பதில் கைது. அதற்குப் பிறகு அவர் மனதில் என்ன நடந்தது என்பது ஒரு நாவலாசிரியன் தூக்கம் கெட்டு உட்கார வேண்டிய இடம். தியாகி உரைநடைக்கு அங்கே வேலையே இல்லை, அதனால் தாண்டிவிடுகிறது.

இடையில் ஒன்று. பழுவூர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குப் பழுவேட்டரையர்தான் நினைவுக்கு வந்திருப்பார். தப்பில்லை, எனக்கும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு மேலப்பழுவூரையும் கீழையூர் இரட்டைக் கோயிலையும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்கி அந்தப் பெரியவருக்கு அறுபத்து நான்கு விழுப்புண்கள் கொடுத்தார். விழுப்புண் என்றால் என்ன? பட்ட காயம் ஆறி, ஆள் பிழைத்திருக்கிறார் என்பதற்கான கணக்கு. நம் வீர மரபில் செத்தவனுக்கு நடுகல் உண்டு, சரிதான். தழும்போடு திரும்பி வந்தவனை எண்ணிச் சொல்லும் வழக்கமும் கூடவே இருந்தது. மேடை முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. குறளிலும் அப்படித்தான்: படைச்செருக்கு அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பேச்சாளர்கள் ஆள்வினையுடைமைப் பக்கம், இடுக்கண் அழியாமைப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை.

*

திருச்சியிலிருந்து கீழப்பழுவூருக்குப் பஸ் ஏறினால் வழியில் கல்லக்குடி வரும். 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த ஊர். வடநாட்டு முதலாளி ஒருவரின் சிமென்ட் ஆலைக்காக அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லிப் போராட்டம். அதற்கு முந்தைய வருஷம்தான் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். இந்தப் பகுதி மக்களுக்கு மத்திய அரசு என்பது முதலில் ரயில்வேயாகத்தான் அறிமுகமாகியிருக்க வேண்டும். டெல்லி எங்கோ இருந்தது. அதன் எழுத்து மட்டும் பிளாட்பாரத்தில் நின்றது.

கல்லக்குடியைப் பற்றி நமக்கு இரண்டு புத்தகங்களில் இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்று கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி'. இன்னொன்று கண்ணதாசனின் 'வனவாசம்'. அதே போராட்டத்தில் இன்னொரு அணிக்குத் தலைமை தாங்கிப் போய், அடிபட்டு, சிறைக்குப் போனவர் கண்ணதாசன். பிறகு கட்சியை விட்டு வந்து, கசப்போடு எழுதியது 'வனவாசம்'. இரண்டையும் ஒருசேர வாசிக்கும்போது ஏற்படும் அனுபவம் விசித்திரமானது. முதலாவதில் எல்லாருக்கும் தங்கள் வசனம் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று வரலாறே தயாராகக் காத்திருக்கிறது. இரண்டாவதில் ஒரு மனிதன், எதற்கு வந்தோம் என்று நடுவில் யோசிக்கிறான், பயப்படுகிறான், கூட வந்தவர்கள் மேல் கோபப்படுகிறான்.

கண்ணதாசனின் கசப்பை நான் அப்படியே நம்பச் சொல்லவில்லை. பிரிந்து வந்தவரின் கணக்கு அதில் நிறைய இருக்கிறது, சில இடங்களில் அற்பமாகவும் இருக்கிறது. ஆனாலும் போராட்டத்துக்குள் இருப்பவனுக்கு வயிறு கலங்கும், அடி வலிக்கும், ஜெயில் போர் அடிக்கும் என்று நம் உரைநடையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அரிய பக்கங்கள் அவை. பயத்தை எழுதாத ஒருவரால் துணிச்சலை எப்படி எழுத முடியும்? 'நெஞ்சுக்கு நீதி'யின் நடை என்னை எழுந்து நிற்க வைக்கிறது. 'வனவாச'த்தின் நடையில்தான் அந்த ஜூலை வெயில் உறைக்கிறது.

ரயிலை விட மனமில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 23, அரியலூர் பக்கம் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அப்போது ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன், அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து தி.மு.க. கட்டிய தேர்தல் கோஷம் உங்கள் தாத்தாவுக்கு இன்றும் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். அதே சாஸ்திரிதான் 1963-ல் உள்துறை அமைச்சராக ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார், 1965-ல் பிரதமராக இருந்தார். அதே அழகேசன் 1965 பிப்ரவரியில் சி. சுப்பிரமணியத்தோடு சேர்ந்து, மொழிப் பிரச்சினைக்காகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ஒன்பது வருஷ இடைவெளியில் இதே இரண்டு பேர், இதே அரியலூர்ச் சுற்றுவட்டாரம், இதே ரயில். இப்படியான சிக்கல்கள் 'எதிரி', 'துரோகி' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்காது. அதனால்தான் மலர்களில் இடம் பெறுவதில்லை போல.

*

சின்னசாமி இறந்த அந்தக் காலையில் அண்ணா சிறையில் இருந்தார். அரசியல் சட்டத்தின் பதினேழாம் பகுதியை, அதாவது ஆட்சிமொழி பற்றிய பகுதியைக் கொளுத்தப்போவதாக அறிவித்து 1963 நவம்பர் 16-ல் கைதாகி, ஆறு மாதத் தண்டனை. அந்தச் சிறைவாசத்தைப் பிறகு 'காஞ்சி' இதழில் தம்பிக்கு எழுதும் கடிதமாக எழுதினார்: 'கைதி எண் 6342'.

அண்ணாவின் அடுக்குமொழிக்காக அவரைப் படிப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அவர் எழுதியதில் இதுதான் பிடிக்கும். தேதி போட்ட குறிப்புகள். யார் பார்க்க வந்தார்கள், என்ன படித்தேன், உடம்புக்கு என்ன, கூட இருக்கும் தோழர்கள் எப்படி இருக்கிறார்கள். நாள் நகராது. வாசிக்கும் நமக்கும் சில பக்கங்களில் நகராது, அதை ஒரு குறையாக நான் சொல்ல மாட்டேன். சிறை என்றால் காத்திருப்பு. மேடையில் ஒரு மூச்சில் ஒரு நூற்றாண்டைச் சுருட்டிவிடக்கூடிய மனிதர் இங்கே செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு புதன்கிழமையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. விடாப்பிடி என்று தமிழில் சொல்கிறோமே, அதற்கு ஒரு உரைநடை வடிவம் இருக்குமானால் அது இப்படித்தான் இருக்கும்: தேதி போட்டு, ஆரவாரம் இல்லாமல், கொஞ்சம் அலுப்போடு.

அந்தச் சட்டம் எதைப் பற்றியது என்று இன்று ஜனவரி 25 பதிவு போடும் பல பேருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். இலக்கியம் படிப்பவர்களுக்கு அது தெரிந்தால் ருசிக்கும். ஏனென்றால் சண்டை ஒரு துணைவினையைப் பற்றியது. அரசியல் சட்டப்படி 1965 ஜனவரி 26-உடன் ஆங்கிலத்தின் பதினைந்து வருஷக் கெடு முடிகிறது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர வழி செய்வதாகச் சொல்லி வந்தது 1963 சட்டம். எப்படித் தொடரும்? ஆங்கில வாசகத்தில் போட்டிருந்த சொல் 'மே'. அதாவது, தொடரலாம். மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் மற்றவர்களும் கேட்டது 'ஷல்'. அதாவது, தொடரும், தொடர்ந்தே ஆக வேண்டும். 'மே' என்றாலும் அதே அர்த்தம்தானே என்று சொல்லிப் பார்த்தார்கள். 'லாம்' என்பதற்கும் 'ஆக வேண்டும்' என்பதற்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கடன் கேட்டுப் போன எவருக்கும் தெரியும்.

அந்த ஒரு விகுதிக்காகத்தான் இத்தனையும். கடைசியில் 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாட்டைத் தொட முடியாது என்றும் பூட்டுப் போட்டது. 1968 ஜனவரி 23-ல் சென்னைச் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் போட்டது. சின்னசாமி இறந்து நான்கு வருஷத்துக்கு இரண்டு நாள் குறைவு. நடுவில் 1965 மாணவர் போராட்டம், துப்பாக்கிச் சூடுகள், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனின் சாவு, கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் என்று நீளும் பெயர்கள், திருப்பூரில் எரித்துக் கொல்லப்பட்ட இரண்டு போலீஸ்காரர்கள் (இவர்களையும் மலர்களில் தேடாதீர்கள்), பிறகு ஒரு தேர்தல். 'லாம்' என்பது 'வேண்டும்' ஆனதில் எந்த மரணத்துக்கு எவ்வளவு பங்கு, எந்த வாதத்துக்கு, எந்த ஓட்டுச்சீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தியாகி உரைநடை மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் பிரித்துவிடுகிறது: எல்லாமே தீயால் நடந்தது.

*

இந்த மரணத்தை மேடைக்கு வெளியே தீவிரமாக வாசித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சுமதி ராமசாமி. ஆங்கிலத்தில் 1997-ல் வந்த அவருடைய ஆய்வு, 1891 முதல் 1970 வரையிலான தமிழ்ப் பற்றின் வரலாறு. தொடக்கத்திலேயே சின்னசாமிதான். ஒரு மனிதன் ஏன் ஒரு மொழிக்காக இதைச் செய்வான் என்ற கேள்வியிலிருந்துதான் அவருடைய புத்தகமே நகர்கிறது. மொழித் தேசியம் என்ற ஐரோப்பியச் சட்டகம் இதற்குப் பற்றாது, இங்கே இருப்பது பக்தி போன்ற ஒரு பற்று, தமிழ் தாயாக, தெய்வமாக, கன்னியாக உருவகிக்கப்படும்போது அதற்கு உடம்பும் கண்ணீரும் வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். நம் கவிதைகளையும் படங்களையும் அவர் அளவுக்குப் பொறுமையாகச் சேர்த்து வைத்து வாசித்த வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அதில் ஒரு இடறல். பற்று என்ற ஒரே கண்ணாடியில் பார்க்கும்போது, முதலமைச்சரிடம் கேள்வி கேட்ட சின்னசாமி மங்கிப்போய், எரிந்த சின்னசாமி மட்டும் பளிச்சென்று தெரிகிறார். மொழிப்போரில் வேலை இருந்தது, பரீட்சை இருந்தது, நாளைக்குத் தபால் ஆபீஸில் போய் எந்த எழுத்தில் நிரப்புவது என்ற பதற்றம் இருந்தது. இவை எல்லாம் பக்தியை விடச் சின்ன விஷயங்கள் அல்ல. தாய்க்காக அழுகிறவனை ஆராய்ச்சி செய்யலாம், ஆனால் அவன் 'லாம்' என்ற விகுதியைப் பற்றி வாதாடும் குடிமகனும்கூட என்பதை ஒரே பக்கத்தில் வைத்தால்தான் சித்திரம் முழுசாகும். அவர் எழுதியது தமிழ்ப் பற்றின் வரலாறு, தமிழ்நாட்டுப் பிடிவாதத்தின் வரலாற்றை எழுதுவதாக அவர் சொல்லவில்லை என்று பதில் வரலாம். நியாயம்தான். அந்த இரண்டாவதை யார் எழுதியது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நம் சிற்றிதழ்க்காரர்கள் எழுதவில்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959-லிருந்து 1970 வரை வந்தது. மொழிப்போரின் உச்ச வருஷங்கள் முழுக்க அதற்குள் அடங்கும். புதுக்கவிதை எப்படி இருக்க வேண்டும் என்ற பெரிய சண்டை அங்கே நடந்துகொண்டிருந்தது. தெருவில் நடந்த சண்டை கட்சிக்காரர்களுடையது, அடுக்குமொழிக்காரர்களுடையது என்று நவீன இலக்கியம் ஒதுங்கிக்கொண்டது என்பதே என் வாசிப்பு. அடுக்குமொழி மேல் அவர்களுக்கு இருந்த ஒவ்வாமை புரிகிறது. ஆனால் ஒவ்வாமையால் ஒரு விஷயத்தையே மேடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறுபது வருஷம் கழித்தும் நம் கையில் இருப்பது மேடையின் சின்னசாமிதான்.

எழுதக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் சட்டத்தின் பதினேழாம் பகுதியைக் கொளுத்திய மாணவர்களில் ஒருவர் நா. காமராசன். பின்னால் 'கறுப்பு மலர்கள்' எழுதியவர். மதுரை தியாகராசர் கல்லூரி மாணவர் இன்குலாபும் அந்தப் போராட்டத்துக்குள் இருந்தார். பா. செயப்பிரகாசம் அந்தப் போராட்டத்தில் சிறைக்கே போனார். இவர்கள் எரித்தது காகிதம். அதனால் மறுநாள் இருந்தார்கள். இருந்ததால் மாறினார்கள். இன்குலாப் கட்சித் தமிழிலிருந்து விலகி, கீழ்வெண்மணிக்கு வந்து, இடதுசாரியாகி, கடைசிவரை யாருக்கும் வசதியாக இல்லாத கவிஞராகவே இருந்தார். அவர் இறந்த பிறகு 2017-க்கான சாகித்ய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது குடும்பம் அதை வாங்க மறுத்தது. செயப்பிரகாசம் கரிசல் காட்டுக் கூலிக்காரர்களின் கதைகளை எழுதினார், 'மனஓசை' நடத்தினார். இருபது வயதில் ஒரு மொழிக்காகத் தெருவுக்கு வந்தவர்கள், அந்த மொழியில் யார் பேச முடியாமல் இருக்கிறார்கள் என்று பிறகு பார்த்தார்கள். விடாமுயற்சி என்றால் ஒரே கோஷத்தை ஐம்பது வருஷம் போடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். இவர்கள் கோஷத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், தெருவை விடவில்லை.

*

பழைய விஷயத்தை இவ்வளவு கிண்டுவானேன் என்று கேட்கலாம். பழைய விஷயமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன்.

2009 ஜனவரி 29, சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார். ஈழப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பத்திரிகைத் துறையில் வேலை பார்த்தவர், ஒரு நீண்ட கடிதத்தை அச்சடித்து வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை அரசியல் கட்டுரையாக எடுத்துப் படித்துப் பாருங்கள்: வாதம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, கட்சிகளைப் பற்றிய சந்தேகம் இருக்கிறது, ஆங்காங்கே கிண்டல்கூட இருக்கிறது. அவ்வளவு எழுதத் தெரிந்த ஆள் ஒரு பத்து வருஷம் எழுதியிருந்தால் என்று நினைக்காமல் என்னால் அதை முடிக்க முடியவில்லை. நடந்தது என்ன? சில நாட்களிலேயே கடிதம் மறைந்துபோய் படம் மட்டும் சுவரொட்டியில் நின்றது. சாஸ்திரி பவனுக்குப் பெயர் கொடுத்தவர் அதே அரியலூர் சாஸ்திரிதான் என்பதை யாராவது கவனித்தார்களோ என்னவோ. 2011 ஆகஸ்டில் காஞ்சிபுரத்தில் செங்கொடி. மூன்று பேரின் தூக்குக்கு எதிராக. இருபத்தொரு வயது.

பிறகு 2017 செப்டம்பர் 1. மறுபடியும் அரியலூர் மாவட்டம், குழுமூர். அனிதா. அந்தப் பெயரைச் சொன்னதும் நமக்கு முதலில் நினைவு வருவது அவர் இறந்த விதம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த ஒரு கூலித் தொழிலாளி மகள், நீட் வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். குழுமூரிலிருந்து டெல்லி. சின்னசாமி மெட்ராஸுக்குப் போனாரே, அந்தப் பயணம்தான் இது, இன்னும் கொஞ்சம் நீளம். இரண்டு பேரும் முதலில் செய்தது கேள்வி கேட்டது. இரண்டு பேர் விஷயத்திலும் அந்தக் கேள்வியை நாம் முன்னுரையாக மாற்றிவிட்டோம்.

இந்த மரணங்களுக்குக் கட்டுரைகள்தான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அசட்டுத்தனம் இல்லை. காரணங்கள் டெல்லியிலும் சென்னையிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் இறந்தால்தான் பத்தி கிடைக்கும், இருந்தால் ஒரு அடைப்புக்குறிகூடக் கிடைக்காது என்ற இலக்கணத்தை வருஷா வருஷம் பழக்கிக்கொடுக்கும் எழுத்து குற்றமில்லாதது என்றும் என்னால் சொல்ல முடியாது. மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை அதை வாசிக்கிறது. உயிர் போனால்தான் உன் குரல் கேட்கும் என்று அதனிடம் தமிழில், அழகான தமிழில், நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1963-ல் வியட்நாமில் எரிந்த பிக்குவின் படம் உலகம் முழுக்கப் போனது. சின்னசாமிக்கு அந்தச் செய்தி ஒரு தூண்டுதல் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியென்றால் ஒரு படம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை நாம் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள்.

மாலை போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. போடட்டும். எழுதுகிறவர்களிடம்தான் என் பேச்சு.

எனக்கு வேண்டிய நாவல் 1964 ஜனவரி 26-ல் தொடங்கும். சின்னசாமி அதில் உயிரோடு வரமாட்டார், நினைவில் வருவார்: மெட்ராஸ் போய்விட்டு வந்து என்ன சொன்னார், மகளுக்குப் பெயர் வைத்த அன்று வீட்டில் என்ன சண்டை நடந்தது, ஐந்தாவதுக்கு மேல் படிக்காததை எப்போதாவது குறையாகச் சொன்னாரா. நாவலின் ஆள் அவர் மனைவிதான். அடுத்த நான்கு வருஷத்தில் ஆட்சி மாறும். கணவரின் கட்சிதான் கோட்டைக்குப் போகும். அவர் பெயரைச் சொல்லி மேடையில் கை தட்டுவார்கள். அவருக்கு நாற்று நட, களை எடுக்க, பிள்ளைக்குச் சோறாக்க, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட என்று பல பத்து வருஷங்கள் மீதி இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் வாசலில் கார்கள் வந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். மொழிப்போர் அந்த வீட்டுக்குள் எப்படி நடந்தது என்று யாரும் எழுதவில்லை.

முதல் அத்தியாயம் மட்டும் எனக்குத் தோராயமாகத் தெரிகிறது. 1964 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை. குடியரசு நாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்திருப்பார்கள். திருச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த யாரோ ஒருவர் கையில் பேப்பர் இருந்திருக்கும்.